பின் இரண்டு மட்டும் போதுமா? ஆரியங்காவு வழியில் ஓடும் ஒரு 718 கேமனின் டயர் தேர்வு

வண்டி போர்ஷே 718 கேமன், 2018 மாடல். 2 லிட்டர் டர்போ இன்ஜின், 300 குதிரைத்திறன், பிடிகே என்ற தானியங்கி கியர்பெட்டி, விருப்பத் தேர்வாக எடுத்த 19 அங்குல ரிம். ஓடிய தூரம் 19,400 கி.மீ. நிறுத்தி வைப்பது தென்காசியில். மாதம் மூன்று நான்கு முறை செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போய்த் திரும்பும்.

புகார் 2024 ஜூனில், சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம் வந்தது. கோட்டைவாசல் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கும்போது, ஈர வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளுகிறது. வேகம் 50-ஐத் தாண்டவில்லை. டேஷ்போர்டில் பிஎஸ்எம் (வண்டி சறுக்காமல் காக்கும் போர்ஷேயின் மின்னணு அமைப்பு) விளக்கு கண் சிமிட்டுகிறது. புனலூருக்கு அப்பால் நேர் சாலையில், தண்ணீர் தேங்கிய இடத்தில் 90-ல் போனால் பின்பக்கம் மிதக்கிறது. உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, முன்னால புது டயர்தான் கெடக்கு. பின்னாடி ரெண்ட மட்டும் மாத்தித் தாங்க."

டயர் கடைகளில் தினமும் கேட்கும் கேள்வி இது. சாதாரணக் காராக இருந்தால் பத்து நிமிட வேலை. இந்த வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு. இன்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சுமார் 1,365 கிலோ எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்கள் மீது. ஆகவே எந்த டயர் நல்ல டயர் என்பதற்கு முன்னால், முன் ஜோடியும் பின் ஜோடியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. கடைசிவரை முடிவைத் தீர்மானித்தது அந்தப் பொருத்தம்தான்.

சாலை என்ன கேட்கிறது

இந்த வழியின் குணம் தெரியாமல் இங்கே ஓடும் வண்டிக்கு டயர் சொல்ல முடியாது. புளியரை எஸ் வளைவில் ஏறும்போது எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக முன்னால் போகும். வளைவின் உள்பக்கம் சிந்திய துகள் எப்போதும் கிடக்கும். வெயிலில் அது உருளும்; மழையில் சேறாகி, லாரிகள் ஒழுக்கிய டீசலோடு சேர்ந்து வழுக்கும். ஆரியங்காவு முதல் கழுதுருட்டி வரை மர நிழல். மழை விட்டு மணிக்கணக்கான பின்பும் தார் காயாது. தென்மேற்குப் பருவம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இரண்டுமே இந்தக் கணவாயைத் தொடுவதால் வருடத்தில் பாதிக்கு மேல் ஈரச் சாலைதான். மார்ச், ஏப்ரலில் இதே புனலூர் கேரளத்தின் மிகச் சூடான ஊர்களில் ஒன்றாகிவிடும். 300 குதிரைத்திறன் என்பது இந்த வழியில் பெரும்பாலும் பயன்படாத எண். ஈரப் பிடிப்பும் தண்ணீரை வெளியேற்றும் திறனுமே இங்கே கேட்கப்படுபவை.

டயரில் கண்டது

முன் இரண்டும் 2023-ல் குழியில் இறங்கி டயர் வெடித்த பிறகு மாற்றியவை. அளவு சரி, 235/40 ஆர்19 96ஒய் எக்ஸ்எல். இதில் 235 என்பது மி.மீ.யில் அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது, 19 ரிம்மின் அங்குலம், 96 சுமைக் குறியீடு, எக்ஸ்எல் கூடுதல் சுமை தாங்கும் வகை. வேறு நிறுவனத்தின் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர். தயாரித்த வாரத்தைச் சொல்லும் டிஓடி எண் 0823, அதாவது 2023-ன் எட்டாவது வாரம். ட்ரெட் பள்ளத்தின் ஆழம் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் 6.2 முதல் 6.4 மி.மீ. நல்ல நிலை.

பின் இரண்டும் வண்டியோடு வந்தவை. 265/40 இசட்ஆர்19 98ஒய், பக்கச்சுவரில் போர்ஷே ஒப்புக்கொண்ட டயர் என்று காட்டும் 'என்' (N) எழுத்து முத்திரை. டிஓடி 4717, ஆறரை வயது. வலது பின் டயர் உள்ளே 2.3, நடுவில் 3.2, வெளியே 4.0 மி.மீ. இடது பின் டயர் உள்ளே 1.4, நடுவில் 3.1, வெளியே 4.2.

மத்திய மோட்டார் வாகன விதிப்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. இடது பின் டயர் அதற்கும் கீழே போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. காரணம் எளிது. முன் சக்கரத்தை ஸ்டியரிங் திருப்பிப் பார்க்கலாம். பின் சக்கரம் திரும்பாது. தாழ்ந்த வண்டியில் குனிந்து பார்த்தாலும் வெளி விளிம்பு மட்டுமே கண்ணில் படும், அங்கே 4 மி.மீ. இருக்கிறது. மொபைலை வீடியோவில் போட்டு, டயருக்குப் பின்னால் தரையோடு நுழைத்து எடுத்துப் பார்த்தால் உள் விளிம்பு தெரிந்துவிடும். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே போதும்.

உள் விளிம்பு தேய்வது ஓரளவு இந்த வண்டியின் இயல்பு. வளைவில் பிடிப்பு கிடைக்கப் பின் சக்கரங்களை மேல்பக்கம் உள்ளே சாய்த்தே வைத்திருக்கிறார்கள், ஒன்றரை டிகிரியை ஒட்டி. ஆனால் சாய்வு மட்டுமே காரணமென்றால் இரண்டு பக்கமும் ஒரேபோலத் தேய வேண்டும். இடது மட்டும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினால் ஒவ்வொரு வரியின் விளிம்பும் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தது. உள்ளிருந்து வெளிநோக்கித் தடவினால் வழவழப்பு. சக்கரத்தின் முன்முனை வெளிப்பக்கம் திரும்பி ஓடியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அலைன்மென்ட் மேடையில் ஏற்றியபோது வலது பின் சக்கரம் 12 நிமிடம் (ஒரு டிகிரியில் 60 நிமிடம்) உள்நோக்கி இருந்தது, அது சரி. இடது பின் சக்கரம் 4 நிமிடம் வெளிநோக்கி. சக்கரத்தின் இந்த உள்-வெளி கோணத்தை (டோ) பிடித்து வைக்கும் டோ ஆர்ம் லேசாக வளைந்திருந்தது. குழியில் இறங்கிய அடியாகத்தான் இருக்கும்.

பின் சக்கரம் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் வண்டி நேராகப் போக விரும்பாது. காலை எடுத்ததும் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், அந்தச் சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். புகாரில் ஒரு பங்கு இதனுடையது. புது டயரை அப்படியே மாட்டியிருந்தால் ஒரு மாதம் நன்றாக ஓடியிருக்கும், பிறகு அதே விளிம்பு அதே வேகத்தில் தேய்ந்திருக்கும்.

இன்னொரு பங்கு ரப்பரின் வயது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் கருவியில் பின் டயர் 79 காட்டியது. முன் டயர் 66. ஒரே நிழலில், ஒரே நேரத்தில் எடுத்த அளவு. டயர் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் ஓடாமலே இறுகும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் ஓரளவு சமாளிக்கும். ஈரத்தில் தாரின் சொரசொரப்புக்குள் அமுங்க மாட்டாது. ஓடிய தூரம் குறைவு என்று சொல்லி வயதை மறந்துவிடுவது ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஆறு வருடம் தாண்டிய டயரில் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மழைக்கு நம்பக் கூடாது.

மூன்றாவது பங்குதான் முக்கியமானது: முன்னால் மென்மையான புது ரப்பர், பின்னால் இறுகிய பழைய ரப்பர். வளைவில் முன்பக்கம் ஒட்டிக்கொள்கிறது, பின்பக்கம் முதலில் விடுகிறது. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே லாரி. ஸ்டியரிங் முன்னால் இருப்பதால் நல்ல டயரும் முன்னால் என்ற வழக்கம் எந்தக் காருக்குமே நல்லதில்லை. பின்னால் எடை கூடிய இந்த வண்டிக்கு அது அபாயம். 2023-ல் முன் இரண்டை மட்டும் மாற்றிய நாளே இந்தப் புகாருக்கு விதை போட்டாகிவிட்டது.

நேர் சாலையில் மிதந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. பள்ளம் தேய்ந்து, தண்ணீர் அதைவிட ஆழமாக நிற்கும்போது டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதை விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1960-களில் கண்டார்கள்: காற்றழுத்தம் பிஎஸ்ஐ-யில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வேகம் 'நாட்' (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 30 பிஎஸ்ஐ-க்கு இது மணிக்கு 91 கி.மீ., 34 பிஎஸ்ஐ-க்கு 97. காருக்கு இது தோராயமே. அகலமான டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கலாம். ஆனால் உரிமையாளர் சொன்ன 90 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட இது போதும்.

அளவுக் கணக்கு

முன் டயரின் அதே நிறுவனம், அதே ரகத்தில் பின் அளவான 265/40 ஆர்19 சந்தையில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் அதற்குப் பதிலாக 255/40 ஆர்19 கையிருப்பில் இருந்தது. ஃபோர்டு மஸ்டாங்கின் முன் சக்கர அளவு அது, அதனால் அதிகம் புழங்கும். "10 மில்லிதானே வித்தியாசம்" என்று கடைக்காரர் சொன்னதில் மேலோட்டமாகத் தப்பில்லை. கணக்குப் போட்டால்தான் விவகாரம் தெரியும்.

19 அங்குலம் என்பது 482.6 மி.மீ. பின்னால் 265-ல் 40 சதவீதம் 106. இருபக்கமும் சேர்த்தால் மொத்த விட்டம் 694.6 மி.மீ. முன்னால் 235-ல் 40 சதவீதம் 94, மொத்தம் 670.6. பின் சக்கரம் முன்னதைவிட 3.6 சதவீதம் பெரியது. பிஎஸ்எம், ஏபிஎஸ் இரண்டும் இந்த விகிதத்தை எதிர்பார்த்தே நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிடுகின்றன. 255/40 போட்டால் பின் விட்டம் 686.6, வித்தியாசம் 2.4 சதவீதமாகச் சுருங்கும். கணினி இதைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்காமல் தேவையில்லாத நேரத்தில் பிரேக்கைத் தொடலாம். அதைவிடப் பெரிய குறை வேறு. பின்பக்கம் முதலில் விடுகிறது என்பதே புகார். பின் டயரை மெலிதாக்கினால் நோயை மருந்தாகக் கொடுப்பது போல. ரிம்மும் 265-க்கு ஏற்ற அகலம்; 255 அதில் இழுத்துக் கட்டியது போல உட்காரும், ரிம் உதடு வெளியே நீட்டி முதல் நடைபாதைக் கல்லிலேயே உரசும். இந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

18 அங்குலத்துக்கு இறங்கும் யோசனை அப்படித் தள்ளிவிடக் கூடியதில்லை. இந்த மாடலின் அடிப்படை வடிவத்துக்குத் தொழிற்சாலை அளவே முன் 235/45, பின் 265/45, 18 அங்குல ரிம்மில். விட்டம் முன் 668.7, பின் 695.7, 19 அங்குலத்தோடு 2 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது. பக்கச்சுவர் முன்னால் 94-லிருந்து சுமார் 106 மி.மீ.க்கும், பின்னால் 106-லிருந்து 119-க்கும் உயர்கிறது. குழிக்கும் ரிம்முக்கும் நடுவே அந்த 12, 13 மி.மீ. ரப்பர் பெரிய காவல். இந்த வழியில் வாரம்தோறும் ஓட்டுபவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஒரே நிபந்தனை, ரிம் அசலாக இருக்க வேண்டும். ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்ற அளவு) ஒத்துவராத போலி ரிம் போட்டால் பேரிங்கும் கையாளுமையும் சேர்ந்து கெடும். நல்ல நிலையில் நான்கு அசல் ரிம் பருவமழைக்குள் கிடைக்கவில்லை. உரிமையாளருக்கும் 19-இன் தோற்றத்தை விட மனமில்லை. அதனால் 18 அங்குல யோசனை நின்றுபோனது.

மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற பந்தயத்தள டயரைப் பற்றியும் கேட்டார். தேய்மான எண் 180 கொண்ட மென்மையான ரப்பர், குறைந்த பள்ளம். சூடேறிய காய்ந்த தளத்தில் அபாரம். சாரலில் நனைந்த குளிர்ந்த மலைச் சாலைக்கு அதை யார் விற்றாலும் வாங்கக் கூடாது.

'என்' முத்திரையா, இல்லாததா

மிஞ்சியவை இரண்டு வழி. நான்கையும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தில், முத்திரை இல்லாமல் வாங்குவது. அல்லது நான்கையும் போர்ஷேயின் 'என்' முத்திரையோடு வாங்குவது.

என்0, என்1 என்று வரும் முத்திரை அலங்காரத்துக்கு ஒட்டியதில்லை. டயர் நிறுவனமும் போர்ஷேயும் சேர்ந்து குறிப்பிட்ட வண்டிக்காகச் சோதித்து ஒப்புக்கொண்ட வடிவம் அது. எண் மாறினால் உள் கட்டமைப்போ ரப்பரோ மாறியிருக்கலாம். எனவே முன்னால் என்0, பின்னால் என்1 என்று கலக்கக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் முத்திரை உள்ளதும் இல்லாததும் ஒரே டயர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

முத்திரை இல்லாத நான்கு டயர் ஏற்கத்தக்க தேர்வே. கிடைப்பது எளிது, விலையும் குறைவு. சிக்கல் காற்றழுத்தத்தில் இருக்கிறது. அசல் டயர் 92, 98 என்ற சுமைக் குறியீடு கொண்ட சாதாரண வகை. 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ, 98 என்றால் 750 கிலோ. முத்திரை இல்லாதவை பெரும்பாலும் எக்ஸ்எல் வகை, குறியீடு கூடுதல். எக்ஸ்எல் என்றதும் பலம் தானாக வந்துவிடும் என்று நினைப்பது தவறு. அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்றும் வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் அசல் டயருக்காக எழுதியது. வேறு கட்டமைப்புக்கு முன்-பின் அழுத்தத்தை ஓட்டிப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு இது சரி.

இங்கே பொறுமை இல்லை. முன்-பின் சமநிலை கெட்டதால் வந்த வண்டிக்கு, அந்தச் சமநிலையைச் சோதித்துத் தந்த ஜோடியே மருந்து என்று முடிவானது. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஒரே 'என்' முத்திரை எண். 6 மி.மீ. மிச்சமிருந்த முன் டயர்களைக் கழற்ற உரிமையாளருக்கு மனம் வரவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. இரண்டு ரக ரப்பரை வைத்து மழையில் சோதனை ஓட்டம் பார்ப்பதைவிட அவற்றை விற்பது மலிவு என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு அரசு உரிமம் தேவை. அரிதான அளவுகள் காத்திருந்துதான் வரும். அந்த இடைவெளியில் "துபாயிலிருந்து எடுத்துத் தருகிறேன்" என்பவர்கள் முளைப்பார்கள். பக்கச்சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரை எடுக்க வேண்டாம். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். அடுத்தது, விலை பேசும் முன்பே நான்கு டயரின் டிஓடி எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அந்த நாலு இலக்கம் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே முழுதாக இருக்கும். இந்த வண்டிக்குக் கொச்சி வழியாக ஐந்து வாரத்தில் வந்த நான்கும் ஒன்றுக்கொன்று நான்கு மாத இடைவெளிக்குள் தயாரானவை. அதுவரை வண்டி மலை ஏறவில்லை.

மாட்டியது

முதலில் வளைந்த டோ ஆர்ம் மாற்றம். தாழ்ந்த ஜாக், ரப்பர் தட்டு, வண்டியின் அடியில் குறித்த நான்கு ஜாக் இடங்கள் மட்டும். வேறு எங்கே தூக்கினாலும் அடித்தகடு நசுங்கும்.

கழற்றும் இயந்திரம் லீவர் இல்லாத வகையாக இருக்க வேண்டும். இரும்பு லீவர் போட்டு நெம்பினால் ரிம்மில் கீறல் விழும், டயரின் பீடு (ரிம்மில் உட்காரும் விளிம்பு) கிழியும், வால்வோடு சேர்ந்த அழுத்த சென்சார் உடையும். சென்சாரின் பேட்டரி உள்ளேயே அடைத்தது, தனியாக மாற்ற முடியாது. ஏழு வயதை நெருங்கியதால் நான்கும் புதிதாகப் போடப்பட்டன. இப்போது விட்டால் ஒரு வருடத்தில் மறுபடி டயரைக் கழற்ற வேண்டி வந்திருக்கும். பீடுக்கு மவுண்டிங் பேஸ்ட். சோப்புத் தண்ணீர் ரிம்மை அரிக்கும், டீசலும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். பக்கச்சுவரில் வெளிப்பக்கம் என்று எழுதியது வெளியே வர வேண்டும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங் எடை குறையும். பழைய ஒட்டு எடைகளைச் சுரண்டி, ரிம்மின் உட்பக்கத்தைத் துடைத்த பிறகே புதியவை. முன் வலது ஒன்றுக்கு 45 கிராம் கேட்டது. டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி உட்கார வைத்ததும் 20-க்கு வந்தது. இதைச் செய்யச் சோம்பினால் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

போல்ட்கள் கையால் ஏற்றி, டார்க் ரெஞ்சில் 160 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். ஏர் கன்னால் கடைசி முறுக்கு வேண்டாம். டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, வேறு சுமை இல்லாமல் நான்கு சக்கர அலைன்மென்ட். பின் டோ இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்நோக்கி. வண்டியின் மெனுவில் புது டயர் என்றும் அளவையும் தேர்ந்தால்தான் அழுத்தக் கண்காணிப்பு புதிதாகக் கற்கும்.

காற்று விடியற்காலையில், வண்டி ஓடாதபோது, ஸ்டிக்கர் அளவுக்கு. தென்காசியில் காலை 24 டிகிரியில் வைத்தது மதியம் 38 டிகிரியில் 2 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை மலையில் குறைவாக இருக்கும். இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது, பசையும் கம்ப்ரசரும்தான். ட்ரெட்டில் குத்திய ஆணிக்கு அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் எதுவும் உதவாது, தூக்கு வண்டிதான்.

முதல் 200 கி.மீ. மிதமாக ஓட்டச் சொல்லப்பட்டது. புது டயரின் மேல்தோல் வழவழப்பானது, அது தேய்ந்து போகும்வரை முழுப் பிடிப்பு வராது. 80 கி.மீ. ஓடியதும் போல்ட் முறுக்கு மறுபடி பார்க்கப்பட்டது. ஒரு போல்ட் மட்டும் கால் திருகு ஏறியது.

2,800 கி.மீ.க்குப் பிறகு

அக்டோபர் மழையில் அதே இறக்கம், அதே வளைவு. காலை எடுக்கும்போது முன்பக்கம் லேசாக அகன்று, பிறகு தானாகப் பிடிக்கிறது, பின்பக்கம் அசையவில்லை. பிஎஸ்எம் விளக்கு எரியவில்லை. தேங்கிய தண்ணீரில் 80-ஐத் தாண்ட வேண்டாம் என்ற அறிவுரை அப்படியே நிற்கிறது, எந்த டயருக்கும்.

பின் இடது உள்ளே 6.6, வெளியே 6.9 மி.மீ.; பின் வலது உள்ளே 6.6, வெளியே 6.8. இரண்டு பக்கமும் இப்போது சேர்ந்தே தேய்கின்றன. பின் ஜோடி முன் ஜோடியைவிடச் சீக்கிரம் தீரும். உள் விளிம்பு 3 மி.மீ.க்கு வரும்போது அதே நிறுவனம், அதே 'என்' முத்திரை எண்ணில் பின் இரண்டை மட்டும் மாற்றலாம். அப்போது புதியது பின்னால்தான் வரும். அந்த எண்ணையும் நான்கு டிஓடி எண்களையும் சர்வீஸ் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறது.